கொஞ்சம் கலரா போடுங்க சார்!

மொதல்லயே ஒரு எச்சரிக்கை. இது ஃபோட்டோஷாப் பாடம் இல்லை, ப்யூட்டி டிப்ஸும் இல்லை. தலைப்பைப் பாத்து ஏதோ குஜாலான மேட்டர்னு ஓடி வந்தவங்க அப்படியே யூ-டர்ன் அடிச்சுக்கலாம். மிச்சம் இருக்கற ரெண்டு மூணு பேர் இப்படி உக்காருங்க, பேசுவோம் :-)

இப்பல்லாம் கல்யாண ரிசப்ஷன்ல பானிபூரி ஸ்டால், மெஹந்தி ஸ்டால், பஞ்சுமிட்டாய், சுத்திச் சுத்தி வீடியோ எடுக்கற மேடைன்னு வரிசையா இருக்கும். அந்த வரிசையோட கடைசியில ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ஒரு டேபிள் லைட். ஒருத்தர் உக்காந்திருப்பார், எதிர்ல இன்னொருத்தர் அவரை உத்து உத்துப் பாத்து கிறுகிறுன்னு வரைஞ்சுட்டு இருப்பார். நாலஞ்சு நிமிஷத்துல ஒரு கேரிகேச்சர் கைக்கு வந்துடும். பெரிய தலை, குட்டி உடம்பு, கீழ மாப்பிள்ளை பொண்ணு பேரு, தேதி. தாம்பூலப் பையோட சேத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்.

திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் கோட் எழுதி, சனி ஞாயிறுல இந்த மாதிரி மேஜையில உக்காந்து கோடு எழுதற ஆள் நான். (சரி சரி, கடி ஜோக்குதான், விடுங்க.) நாலஞ்சு வருஷமா இதைப் பண்றேன். இந்த மேஜையில அதிகமா காதுல விழற வாக்கியம் எதுன்னு கேட்டா, 'அழகா போடுங்க' இல்லை. 'தொப்பையை மறைச்சுடுங்க'வும் இல்லை. அதெல்லாம் ரெண்டாவது மூணாவது இடம்தான். முதலிடம், 'கொஞ்சம் கலரா போடுங்க சார்'.

நம்ம தமிழோட விசித்திரம் பாருங்க. ஒருத்தரைக் கலரா போடுங்கன்னு சொன்னா, அவர் மேல கலரே போடாதீங்கன்னு அர்த்தம்!

என் கட்சியை மொதல்லயே சொல்லிடறேன். நேர்ல உக்காந்து வரையறவன் கிட்ட இந்தப் பொய்யைக் கேக்கக் கூடாது. கேட்டாலும் அவன் குடுக்கக் கூடாது. ஆனா குடுக்க மாட்டேன்னு சொல்ற பாரத்தை அவன் ஒருத்தன் தலையில மட்டும் கட்டி வச்சுட்டு நாம சாப்பாட்டுப் பந்திக்குப் போயிடக் கூடாது. இந்தக் கடைசிப் பாதிதான் எனக்கு முக்கியம். ஆனா முதல் பாதி புரிஞ்சாதான் அது புரியும்.

லோடு ஏத்தற வேலை

கேரிகேச்சர்ங்கற வார்த்தை இத்தாலிய மொழியில 'காரிகாரே'ங்கற சொல்லுலேர்ந்து வந்தது. பாரம் ஏத்தறதுன்னு அர்த்தம். நம்ம பாஷையில லோடு ஏத்தறது. ஒருத்தர் மூஞ்சியில எது ஏற்கெனவே கொஞ்சம் தூக்கலா இருக்கோ அது மேல இன்னும் கொஞ்சம் லோடு ஏத்தறது, அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டு கடைசியில அனிபாலே கராச்சிங்கற ஓவியர் இதை ஆரம்பிச்சு வச்சதா ஓவிய வரலாறு எழுதறவங்க சொல்றாங்க. அவர் சாதாரணமா கோயில், மாளிகைன்னு பெரிய பெரிய ஓவியம் வரையற ஆளு. கேரிகேச்சர் அவருக்கு டீ டைம் பொழுதுபோக்கு மாதிரி.

அப்புறம் ரோம்ல பியர் லியோனே கெட்சின்னு ஒருத்தர் (1674-1755). ஊருக்கு வர்ற பெரிய மனுஷங்க, பாதிரியார்கள், பாட்டுக்காரங்கன்னு கண்ணுல பட்டவங்களை எல்லாம் பேனாவும் மையுமா வரைஞ்சு தள்ளியிருக்கார். 1723ல அவர் கையில மாட்டினவர் யார் தெரியுமா? நம்ம விவால்டி. 'ஃபோர் சீசன்ஸ்' விவால்டியேதான். பக்கவாட்டுல திரும்பின முகம், நீள மூக்கு, கொஞ்சம் கோடு, கதை முடிஞ்சது. விவால்டின்னு சொல்லிக் காட்டற பகட்டான எண்ணெய் வண்ணப் படம் ஒண்ணு இருக்கு, கையில வயலினோட. அது அவர்தானான்னே இன்னிக்கு வரைக்கும் சந்தேகம் இருக்கு. ஆனா நேர்ல பாத்து வரைஞ்சதுன்னு தைரியமா சொல்லக்கூடிய படம்னு ஆராய்ச்சியாளர்கள் கைகாட்டறது இந்தக் கிறுக்கலைத்தான். அழகா போட்ட படத்துல ஆள் காணாமப் போயிட்டார், மூக்கை நீட்டின படத்துல உசுரோட இருக்கார்.

அவ்ளோ தூரம் எதுக்குப் போகணும்? 1930கள்ல ஆனந்த விகடன்ல மாலி வரைஞ்ச சங்கீத வித்வான்கள் படங்களை எங்கயாவது பாத்திருக்கீங்களா? (புல்லாங்குழல் மாலி வேற, இவர் ஓவியர் மாலி.) மேல்ஸ்தாயியில போகும்போது கோணற வாய், தாளம் போடற கை, மூடின கண்ணு. கச்சேரியில நாம என்ன பாக்கறோமோ அது அப்படியே நாலு கோட்டுல இறங்கியிருக்கும். 'வித்வானை லட்சணமா போடுங்க சார்'னு யாராவது அவரைக் கட்டிப் போட்டிருந்தா நமக்கு மிஞ்சியிருக்கறது வரிசையா அங்கவஸ்திரம் போட்ட பொம்மைகள்தான். அவர்கிட்ட வளந்த கோபுலு (1924-2015) படத்துலயும் இதே சமாச்சாரம்தான். மாமா மாமாவா இருப்பார், மாமி மாமியா இருப்பாங்க. யாரும் சோப்பு விளம்பரத்துலேர்ந்து எறங்கி வந்தவங்களா இருக்க மாட்டாங்க.

நம்ம தொழில் பாஷையில சொன்னா

பொட்டி தட்டற மக்களுக்காக ஒரு பத்தி.

1980கள்ல சூசன் ப்ரென்னன்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கம்ப்யூட்டரே கேரிகேச்சர் வரையற மாதிரி ஒரு ப்ரோக்ராம் பண்ணாங்க. லாஜிக் ரொம்ப சிம்பிள். நிறைய முகங்களை வச்சு ஒரு சராசரி முகம் செஞ்சுக்கோ. வரைய வேண்டிய முகத்தோட ஒவ்வொரு புள்ளியும் சராசரியிலேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாரு. அந்த வித்தியாசத்தை ஒரு எண்ணால பெருக்கு. ஒண்ணால பெருக்கினா ஆள் அப்படியே இருப்பார். ஒண்ணரையால பெருக்கினா கேரிகேச்சர். பூஜ்யத்தால பெருக்கினா? எல்லாரும் அதே சராசரி முகம்!

1987ல ஜில்லியன் ரோட்ஸ், ப்ரென்னன், சூசன் கேரி மூணு பேரும் இதை வச்சு ஒரு பரிசோதனை பண்ணாங்க. தெரிஞ்ச ஆட்களோட கோட்டுப் படங்களைக் காட்டி யாருன்னு கேட்டாங்க. உள்ளது உள்ளபடி போட்ட கோட்டுப் படத்தைவிட மிகைப்படுத்தின படத்தை ஜனங்க வேகமா அடையாளம் கண்டுபிடிச்சாங்க. அதாவது மூளைக்கு ஒரு ஆளை ஞாபகம் வச்சுக்கறதுக்கு அவர் எங்க எல்லார் மாதிரியும் இல்லைங்கறதுதான் பெரிய துப்பு.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் அந்தச் 'சராசரி முகம்'. அது யாரோட சராசரி? வெளிநாட்டுப் பொஸ்தகம் பாத்து வரையக் கத்துக்கிட்டவங்க மண்டையில (நான் உட்பட எல்லாருமே அப்படித்தான்) ஒரு வெள்ளைக்கார சராசரி உக்காந்துடும். அந்தச் சராசரியை வச்சுப் பாத்தா சென்னை மண்டபத்துல இருக்கற முந்நூறு பேருக்கும் மாநிறமும் கறுப்பும்தான் 'வித்தியாசம்'. அது தப்புக் கணக்கு. இந்த ஊர்ல கறுப்பு வித்தியாசமே இல்லை, அதுதான் சராசரி. பெருக்க வேண்டியதும் இல்லை, கழிக்க வேண்டியதும் இல்லை. உள்ளபடி வச்சுட்டு மூக்கையும் முழியையும் கவனிச்சா போதும்.

ஆக நிறத்தை ஏத்திக் காட்டறதும் எனக்கு ஒப்புதல் இல்லை, எறக்கிக் காட்டறதும் ஒப்புதல் இல்லை. கறுப்பா இருக்கறவரை இன்னும் கரிக்கட்டையா போட்டுச் சிரிக்க வைக்கற படங்களும் இதே வியாதியோட இன்னொரு பக்கம்தான்.

அப்ப கோட்டை விடறது மட்டும் சரியா?

நியாயமான கேள்வி. ஏன்னா நேர்ல வரையறவன் எல்லாத்தையும் வரையறதில்லை, நிறைய விட்டுடறான். அதுவும் தொழில்ல ஒரு பாகம்.

நாலு நிமிஷத்துல என்ன நடக்குதுன்னு சொல்றேன். ஆள் வந்து உக்காந்ததும் கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பச் சொல்வேன், நேரா பாத்தா மூக்கு தெரியாது. அவர் பேரு, ஊரு, மாப்பிள்ளைக்கு என்ன உறவுன்னு பேச்சு குடுப்பேன். பேசும்போதுதான் நிஜ முகம் வரும், இல்லாட்டி பாஸ்போர்ட் ஃபோட்டோ முகம்தான். தலையோட மொத்த வடிவம் என்ன, பூசணியா, மாங்கொட்டையா, செங்கல்லா? 'மேட்' பத்திரிகையில வரைஞ்ச டாம் ரிச்மண்ட் ஒரு நல்ல வழி சொல்வார். தலை, ரெண்டு கண்ணு, மூக்கு, வாய், மொத்தம் அஞ்சே உருவம். அதுங்களோட அளவையும் இடைவெளியையும் பிடிச்சுட்டா ஆளைப் பிடிச்சாச்சு, மிச்சமெல்லாம் அலங்காரம்.

இந்த வேகத்துல ஒவ்வொரு கோட்டுக்கும் விலை இருக்கு. மூக்கு ஓரத்துலேர்ந்து வாய் ஓரம் வரைக்கும் ஒரு கோடு போட்டா கல்யாணப் பொண்ணுக்கு ஒரே நொடியில பத்து வயசு ஏறிடும். சின்னப் பசங்களுக்குப் பல்லைத் தனித்தனியா போட்டா கிழவன் மாதிரி ஆயிடுவாங்க. அதனால விட்டுடுவோம். கன்னத்துல பரு இருந்தா அது அடுத்த வாரம் போயிடும், படம் போகாது, அதையும் விட்டுடுவோம். ஒருத்தருக்கு ஒரு கண்ணு கொஞ்சம் ஒதுங்கினாப்ல இருக்கும், அவர் தலையைச் சாய்ச்சு அதை மறைச்சே உக்காருவார். அவர் எதை மறைக்கறாரோ அதைத் தோண்டி எடுக்கறது நம்ம வேலை இல்லை. அந்தச் சாய்ச்ச தலையையே வரைஞ்சுடலாம், அதுவும் அவர்தான்.

அரசியல் கார்ட்டூனுக்கும் இதுக்கும் வித்தியாசம் இங்கதான். அங்க வரையப்படறவர் கையில அதிகாரம் இருக்கு. அவர் நம்ம எதிர்ல உக்காந்து கேக்கலை, வரையறவன்தான் அவரை நோக்கிக் கல்லெறியறான். அதுக்கு விலையும் குடுக்கறான். 1987ல அட்டைப்பட ஜோக்குக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனை ஜெயில்ல போட்டாங்க, 2017ல கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது பண்ணாங்க. அங்க மென்மை காட்டினா அது கோழைத்தனம். ஆனா என் மேஜைக்கு வர்றவர் மூணடி தூரத்துல, பொண்டாட்டி புள்ளைங்க பின்னாடி நிக்க, என்னை நம்பி முகத்தைக் குடுத்துட்டு உக்காந்திருக்கார். இங்க குரூரம் காட்டினா அதுதான் கோழைத்தனம்.

அப்ப, சுருக்கத்தை விடலாம், பருவை விடலாம், நிறத்தை மட்டும் ஏன் மாத்தக் கூடாது?

என் பதில் இது. விடறதுங்கறது இருக்கறதுலேர்ந்து பொறுக்கி எடுக்கறது. நாலு நிமிஷத்துல நாப்பது கோடுதான் போட முடியும், அதுல எதைப் போடறதுங்கறது தேர்வு. நிறத்தை மாத்தறது தேர்வு இல்லை, இல்லாத ஒண்ணைக் கொண்டாந்து வைக்கறது. இன்னொண்ணு, சிரிப்பை நிறுத்தினா அந்த வாயோரக் கோடு போயிடும். தோல் எங்க போகும்? 'உன்னை அப்படியே சுவத்துல மாட்ட முடியாது, இந்தத் திருத்தத்தோடதான் மாட்டுவோம்'னு ஒரு ஆள் கிட்ட, அவர் எதிர்லயே, எழுத்துல எழுதிக் குடுக்கற மாதிரி அது.

அதுவும் இதைப் பெரும்பாலும் உக்காந்திருக்கறவங்க கேக்கறதில்லைங்க. பின்னாடி நிக்கறவங்கதான் கேக்கறாங்க. அம்மா கேப்பாங்க, மாமியார் கேப்பாங்க, பெரியப்பா ஜோக்கு மாதிரி கேப்பார். உக்காந்திருக்கற பொண்ணு அதைக் கேட்டுட்டு அப்படியே சிரிச்ச முகத்தோட உக்காந்திருக்கணும், ஏன்னா நான் வரைஞ்சுட்டு இருக்கேன்.

போன வருஷம் ஒரு ரிசப்ஷன்ல ரெண்டு மேஜை போட்டிருந்தாங்க. பக்கத்து மேஜை நண்பர் ஐபேட்ல வரைவார், பின்னாடி பெரிய டிவியில அது ஓடும், ப்ரிண்ட் எடுத்துக் குடுப்பார். ரெண்டு அக்கா தங்கச்சி வந்து உக்காந்தாங்க. பெரியவளுக்கு ஒரு பத்து வயசு இருக்கும், சின்னதுக்கு நாலு. பெரியவ நல்ல கறுப்பு, சின்னது மாநிறம். நண்பர் உள்ளபடிதான் ஆரம்பிச்சார். டிவியில பாத்துட்டு அம்மா பின்னாடிலேர்ந்து, 'பெரியவளைக் கொஞ்சம் கலரா பண்ணிடுங்க, டிவியில ரொம்ப டல்லா தெரியுது'ன்னாங்க. ஐபேட்ல அது ரெண்டு தட்டு வேலைதானே, பண்ணிட்டார். கூடியிருந்த அம்பது பேர் எதிர்ல, அந்தப் பெரிய டிவியில, ஒரு பொண்ணு வெளுத்துட்டே வந்ததை நாங்க எல்லாருமே பாத்தோம். அந்தப் பொண்ணும் பாத்தா. ப்ரிண்ட் கைக்கு வந்ததும் சின்னது அதை உத்துப் பாத்துட்டு, 'இதுல அக்கா எங்க?'ன்னு கேட்டுச்சு. அம்மா உட்பட எல்லாரும் சிரிச்சோம். பெரியவ மட்டும் சிரிக்கலை. படத்தைத் தங்கச்சி கையிலயே குடுத்துட்டு ஐஸ்க்ரீம் பக்கம் போயிட்டா.

அந்த அம்மாவை நான் கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். பொண்ணு படம் நல்லா வரணும்னுதான் சொன்னாங்க. 1975ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி க்ரீமே 2020ல கூச்சப்பட்டுக்கிட்டு க்ளோ அண்ட் லவ்லின்னு பேரை மாத்திக்கிச்சு. டப்பாவுல மாறின பேரு நம்ம வாய்க்கு இன்னும் வந்து சேரலை, அவ்ளோதான்.

'உனக்கென்னப்பா, சம்பளக்காரன்!'

அன்னிக்கு ராத்திரி சாமானெல்லாம் மூட்டை கட்டும்போது அந்த நண்பர் கிட்ட இதைப் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே இங்க வைக்கணும், இல்லாட்டி இந்தப் பதிவு ஒருதலைப்பட்சமா போயிடும்.

'தம்பி, உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும். எனக்கு முகூர்த்த நாள்தான் சம்பள நாள். ஆடியில கல்யாணம் கிடையாது, மார்கழியில கிடையாது. அந்த அம்மா மூஞ்சி கோணினா மாப்பிள்ளை வீட்டுக்காரர் மூஞ்சி கோணும், அவர் கோணினா ஈவென்ட் மேனேஜர் அடுத்த தடவை என்னைக் கூப்பிட மாட்டான். நீ கொள்கை பேசலாம். நான் பேசினா வீட்டு வாடகை யார் குடுப்பா?'

இதுக்கு என்ன பதில் இருக்கு சொல்லுங்க? எனக்கு ரெண்டு பதில் தோணுது.

ஒண்ணு, அவர் சொல்றது உண்மை. அதனாலதான் ஆரம்பத்துலயே சொன்னேன், மறுக்கற பாரத்தை அவர் தலையில மட்டும் கட்டக் கூடாதுன்னு. அந்த மேஜையில இருக்கறதுலயே அதிகாரம் கம்மியான ஆள் அவர்தான். பின்னாடி வரிசை, பக்கத்துல மேனேஜர், எதிர்ல பொண்ணோட அம்மா, நாலு நிமிஷம். அந்த எடத்துல ஒருத்தர் சமூக சீர்திருத்தம் பண்ணணும்னு எதிர்பாக்கறது அநியாயம். அவரைக் கூப்பிட்டவங்கதான், அதாவது பணம் குடுக்கறவங்கதான், இதை முன்னாடியே சொல்லி வைக்கணும்.

இன்னொண்ணு கொஞ்சம் கசப்பானது. பொய்தான் வேணும்னா நம்ம ரெண்டு பேருமே தேவையில்லை. 2025 மார்ச்ல சாட்ஜிபிடியில ஜிப்லி பாணி படம் போட்டுத் தள்ளினது ஞாபகம் இருக்குல்ல? ஆபீஸ், அப்பார்ட்மென்ட், ஃபேமிலி குரூப்னு எங்க பாத்தாலும் அதே பெரிய கண்ணு, அதே வழவழ கன்னம். ஒரு காப்பி ஆறறதுக்குள்ள படம் வந்துடுது. ஃபோன் கேமராவுல இருக்கற ப்யூட்டி ஃபில்டர் கேக்காமயே வெளுத்துக் குடுக்குது. மேல சொன்ன கணக்குப்படி பாத்தா அதெல்லாம் பூஜ்யத்தை நோக்கிப் பெருக்கற வேலை. எல்லாரையும் இழுத்துட்டு வந்து ஒரே சராசரியில நிறுத்தறது. அந்தப் போட்டியில மனுஷன் ஜெயிக்கவே முடியாது. மெஷின் வேகம், மெஷின் மலிவு, மெஷினுக்கு ஆடி மாசம் கிடையாது.

மெஷின் கிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். நாலு நிமிஷம் ஒரு முன்பின் தெரியாத மனுஷன் உங்களை, உங்களை மட்டும், முழுசா பாக்கறான். ஃபோனைப் பாக்காம, மணியைப் பாக்காம. யோசிச்சுப் பாருங்க, கடைசியா உங்களை யாராவது நாலு நிமிஷம் தொடர்ந்து பாத்தது எப்போ? (தங்கமணி முறைச்சதெல்லாம் கணக்குல சேத்தி இல்லை.) வரிசையில முக்கா மணி நேரம் நின்னு ஜனங்க வாங்கிட்டுப் போறது காகிதத்தை இல்லை, அந்தப் பார்வையைத்தான்னு நான் நினைக்கறேன். அந்தப் பார்வையிலயும் ஃபில்டர் போட்டுட்டா நாம விக்கறதுக்கு என்ன சரக்கு மிச்சம்? ஆக நண்பரோட வாடகைக்கும் என் கொள்கைக்கும் சண்டையே இல்லை. கொஞ்சம் தொலைநோக்கா பாத்தா ரெண்டும் ஒரே கட்சி.

சரி, என்ன பண்ணலாம்?

புலம்பிட்டு மட்டும் போனா நல்லா இருக்காது. எனக்குத் தெரிஞ்ச நாலு விஷயம்.

1. வீட்டுல விசேஷம் வச்சு ஆர்ட்டிஸ்ட்டைக் கூப்பிடறவங்களுக்கு: அட்வான்ஸ் குடுக்கும்போதே ஒரு வரி சொல்லிடுங்க, 'யார் கேட்டாலும் நிறத்தை மாத்தாதீங்க, பிரச்சனை வந்தா எங்கிட்ட அனுப்புங்க'ன்னு. இந்த ஒரு வரி அவருக்கு எவ்வளவு பெரிய குடை தெரியுமா? அவர் அந்த அம்மா கிட்ட 'மாப்பிள்ளை அப்படித்தான் சொல்லியிருக்கார்'னு சிரிச்சுக்கிட்டே தப்பிச்சுடலாம்.

2. தலைக்கு இவ்வளவுன்னு பேசாதீங்க, மணிக்கு இவ்வளவுன்னு பேசுங்க. தலைக்கு இவ்வளவுன்னா அவர் முகத்தைப் பாக்க மாட்டார், வரிசையைத்தான் பாப்பார். கறுப்பு வெள்ளை கோட்டுப் படம்னா ஒரு ஆளுக்கு நாலஞ்சு நிமிஷம், கலர்னா அது ரெண்டு மடங்கு. மூணு மணி நேர ரிசப்ஷன்ல முப்பத்தஞ்சு நாப்பது பேரை உருப்படியா வரையலாம். முந்நூறு பேரையும் வரைஞ்சு குடுங்கன்னு கேட்டா முந்நூறு பேருக்கும் ஒரே மூஞ்சிதான் கிடைக்கும். நடுவுல ஒரு டம்ளர் தண்ணியும், பந்தி முடியறதுக்குள்ள ஒரு எலையும் குடுத்தா புண்ணியமா போகும்.

3. வரையற மக்களுக்கு: வெள்ளைப் பேப்பரைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வச்சுப் பாருங்க. வெள்ளைப் பேப்பர்ல வரைஞ்சா ஆரம்பமே வெள்ளை, நாம போடற ஒவ்வொரு ப்ரவுன் தீத்தலும் ஆளைக் 'கறுப்பாக்கற' மாதிரி பின்னாடி நிக்கறவங்க கண்ணுக்குத் தெரியும். அதுக்குப் பதிலா ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போடுவோமே, அந்த ப்ரவுன் ஷீட் நிறத்துல, கொஞ்சம் தடிமனான க்ராஃப்ட் பேப்பர் கிடைக்குது. அதுல கறுப்பு ப்ரஷ் பேனாவால கோடு, நெத்தியிலயும் மூக்கு நுனியிலயும் கன்னத்துலயும் வெள்ளைப் பென்சிலால வெளிச்சம். தோலுக்குத் தனியா நிறமே தீத்த வேண்டாம், பேப்பரே தோல். இப்படி வரைய ஆரம்பிச்சதுலேர்ந்து என் மேஜையில 'கலரா போடுங்க' ரொம்பக் குறைஞ்சுபோச்சு. கறுப்பு முகத்துல வெளிச்சம் விழுந்தா எவ்வளவு அழகா இருக்குங்கறது அந்தப் பேப்பர்லதான் தெரியும்.

4. நாமளும் நம்ம டப்பாவைத் திறந்து பாக்கணும். மார்க்கர் செட்டுல தோல் நிறம்னு பேர் போட்டு வர்றது இளம் பீச் கலர். அது நம்ம மண்டபத்துல யாரோட தோல்? முதல்ல வாங்க வேண்டியது நாலஞ்சு வகை ப்ரவுன். அது கையில இல்லாம 'என்கிட்ட அந்தக் கலர் இல்லை'ன்னு எல்லாரையும் பீச்சுல முக்கி எடுக்கறது சாக்கு.

பின்னாடி நிக்கற அம்மா அப்பா அத்தை பெரியப்பாக்களுக்கு தனியா ஒரு வேண்டுகோள். அந்த நாலு நிமிஷம் தயவுசெஞ்சு படத்தைப் பாக்காதீங்க, உக்காந்திருக்கற புள்ளையைப் பாருங்க. நீங்க சொல்ற ஒவ்வொரு திருத்தத்தையும் அது கேட்டுட்டுதான் இருக்கு. சொல்லியே ஆகணும்னா 'கண்ணு நல்லா வந்திருக்கு'ன்னு சொல்லுங்க. பெரும்பாலும் அது உண்மையாவும் இருக்கும், எங்க எல்லாருக்குமே கண்ணுலேர்ந்துதான் கை சூடாகும்.

அடுத்த முகூர்த்த சீசன்ல எங்கயாவது மண்டபத்துல டேபிள் லைட்டுக்குக் கீழ ப்ரவுன் ஷீட்டோட ஒருத்தன் உக்காந்திருந்தா அது நானா இருக்கலாம். வந்து உக்காருங்க. மூக்கை நீட்டுவேன், காதை விரிப்பேன், வழுக்கையில விமானம்கூட இறக்குவேன். நிறத்துல மட்டும் கை வைக்க மாட்டேன்.

டிஸ்கி: 'அப்ப தொப்பை?'ன்னு கேக்கப் போற அண்ணாச்சிகளுக்கு, கேரிகேச்சர்ல உடம்பு எப்பவுமே குட்டிதான். தைரியமா வாங்க :-)